ஷின்சானை வரைந்தவருக்குக் கேதம் கேட்பது

2024 ஆகஸ்ட் 17

ஒரு கேள்வி. ஜப்பான் கார்ட்டூனில் வருகிற ஷின்சான் உண்மையிலேயே வாழ்ந்து இறந்துபோன பையனா?

அக்காள் மகன் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் எவனோ சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவின் கைப்பேசியில் தேடினால் அதே கதை சோக இசையோடு பத்து வீடியோவாக வந்திருக்கிறது. ஜப்பானில் ஷின்னோசுகே என்று ஐந்து வயதுப் பையன். தங்கை ஹிமாவாரி சாலையில் ஓடுகிறாள், கார் வருகிறது, காப்பாற்றப் போனவனும் சேர்ந்து இறந்துவிடுகிறான். தாய் பித்துப் பிடித்தவளாக, மகன் விட்டுப்போன கிரேயானை எடுத்து அவன் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாக வரைகிறாள். அதுதான் கார்ட்டூனாம்.

பையன் இரவு இடியாப்பத்தைத் தொடவில்லை. என்னைப் போனில் கூப்பிட்டு, "மாமா, அப்படியானால் ஷிரோவுக்கு யார் சோறு வைத்தார்கள்?" என்று கேட்டான். அந்த வெள்ளை நாயை நான் யோசிக்கவே இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நானும் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 18, காலை

பொய். கலப்படமில்லாத பொய்.

ஷின்சானைப் படைத்தது எந்தத் தாயும் இல்லை. யோஷிட்டோ உசுயி என்ற ஆண். 1958இல் ஷிசுவோகாவில் பிறந்தவர், பிறகு சைத்தாமா மாகாணத்தில் கசுகாபே ஊர்க்காரர் ஆனவர். ஷின்சானின் வீடும் அதே கசுகாபேயில்தான். முதலில் அவர் ஒரு கடையைச் சுற்றி நடக்கும் கதை வரைந்துகொண்டிருந்தார். அதில் ஷின்னோசுகே என்ற பெயரில் ஒரு வளர்ந்த ஆள் வருவான். அவனைக் குழந்தையாக்கிப் பார்த்ததில் பிறந்தவன்தான் நம் ஆள். 1990இல் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடங்கியது, 1992 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது.

வதந்தியை உடைக்க ஒரே ஒரு விஷயம் போதும். ஹிமாவாரி கதைக்குள் பிறந்ததே 1996இல். ஆறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற தங்கையைக் காப்பாற்ற எந்த அண்ணன் ஓடுவான்?

இப்படி மடக்கிவிட்ட திருப்தியில் இன்னும் கொஞ்சம் கீழே படித்தேன். உசுயி 2009 செப்டம்பரில் மலையிலிருந்து விழுந்து இறந்திருக்கிறார். வயது 51.

பையனிடம் ஷின்சான் சாகவில்லை என்று சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, இரவு

பொய்ச்சாவுக்கு அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு, மெய்ச்சாவை நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினைந்து வருடப் பழைய செய்தி. தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 20

அந்த மலையின் பெயர் அராஃபுனே. குன்மா, நகானோ மாகாணங்களின் எல்லையில் இருக்கிறது. உயரம் சுமார் 1,423 மீட்டர். செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை, மலையேறிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். இரவாகியும் வரவில்லை. குடும்பத்தார் போலீசில் சொன்னார்கள். 19ஆம் தேதி செங்குத்துப் பாறை ஒன்றின் அடியில் உடல் கிடைத்தது. பற்களை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அவரிடம் இருந்த கேமராவில் கடைசிப் படம், பாறையின் விளிம்பில் நின்று கீழே பார்த்து எடுத்தது.

இந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அராஃபுனே என்றால் முரட்டுக் கப்பல் என்று பொருள் வருகிறது. உச்சி தட்டையாக நீண்டு கிடக்கிறது. படத்தில் பார்த்தால் மரக்கடலில் மிதக்கும் கப்பல்தான். கப்பல் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைப்பு வேறு எங்கோ போகும். இங்குள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் எல்லாம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அப்படிப்பட்ட ஒரு தூணில் சாய்ந்துதான் நான் ஷின்சான் பார்த்தேன்.

சொன்னால்தான் புரியும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டுக்கு அப்பா காவல். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளில் அத்தனை அறைகளுக்கும் பூட்டுகள், பூட்டுகளுக்குக் காவலாக நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அப்பத்தா, அக்காள், நான். எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி இரண்டாங்கட்டில் இருந்தது. ஷின்சான் சிரித்தால் ஆளில்லாத வளவில் அது போய் முட்டித் திரும்பும். ஒருவன் சிரித்தால் நாலு பேர் சிரிப்பது போலக் கேட்கும்.

அவன் தமிழ் பேசினானா, ஆகவே தமிழ்நாட்டுப் பையன் என்றே நம்பியிருந்தேன். கசுகாபே அறந்தாங்கி தாண்டி எங்கோ இருக்கும் என்று என் கணக்கு.

அவர் விழுந்த அந்த வெள்ளிக்கிழமை நான் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். அதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 21

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. கண்டுபிடித்தவள் அக்காள்.

"2009இல் நம் வீட்டில் கேபிளே கிடையாதே" என்றாள். உண்மை. பெட்டி இருந்தது, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. ஆனால் அதில் பொதிகை மட்டும் வரும், அதுவும் மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தருகிறது என்ற பிறகுதான் அப்பா மனம் இளகினார். எங்கள் வீட்டுக்குக் கம்பி வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. அப்போதுதான் ஷின்சான்.

அப்படியென்றால் நான் அவனைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்புக்கே வரைந்தவர் இல்லை. ஒரு நாள்கூட நானும் அவரும் ஒரே காலத்தில் ஷின்சானோடு இருக்கவில்லை. இது ஆறுதலா, இன்னும் மோசமா என்று காலையிலிருந்து மாறி மாறித் தோன்றுகிறது.

அந்த வீட்டில் இறந்தவர் எல்லோருக்கும் முகப்பில் படம் உண்டு. பர்மாவில் இறந்தவர், பினாங்கில் இறந்தவர், பிள்ளைப்பேற்றில் இறந்த ஆச்சி. வாரம் ஒருமுறை துணி வைத்துத் துடைப்பது என் வேலை. அதனால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதில் எனக்குச் சின்ன வயதிலேயே குழப்பம் கிடையாது; சட்டத்துக்குள் வந்துவிட்டால் இல்லை என்று அர்த்தம். என்னை அதிகம் சிரிக்க வைத்த மனிதர் அந்த வரிசையில் சேர வேண்டியவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24

தேவகோட்டை நண்பர் கேட்கிறார்: டோரேமான் வரைந்தவர் இருக்கிறாரா? ஹட்டோரி வரைந்தவர்?

இரண்டும் ஒரே ஆள்தான். ஃபுஜிகோ ஃபுஜியோ. 2022இல் இறந்துவிட்டார்.

டோரேமானில் வரும் பையன் நோபிட்டா உண்மையில் நோயாளி, தற்கொலை செய்துகொண்டான் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதுவும் ஷின்சான் கதையின் உடன்பிறப்புதான். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் ஒரு பிணம் தயார் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 25

மேலே நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். பழைய நினைவை நம்பி எழுதியதற்கு மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபுஜிகோ ஃபுஜியோ ஒருவர் அல்ல, இருவர். ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, மோட்டோ அபிகோ. பள்ளிக்கால நண்பர்கள். நம் ஊரில் பங்காளிகள் இருவர் ஒரே விலாசத்தில் கடை நடத்துவதில்லையா, அதுபோல ஒரே புனைபெயரில் பல காலம் வரைந்தார்கள். 1987இல் பாகம் பிரிந்தது. டோரேமானும் பெர்மேனும் ஃபுஜிமோட்டோ பங்கு, ஹட்டோரி அபிகோ பங்கு. சண்டையில்லாத பாகப்பிரிவினை. எங்கள் வட்டாரத்தில் அபூர்வம்.

ஃபுஜிமோட்டோ இறந்தது 1996 செப்டம்பர் 23, வயது 62. வரைந்துகொண்டிருந்த மேசையிலேயே நினைவு தப்பி, சில நாளில் போய்விட்டார். அபிகோதான் 2022 ஏப்ரலில், 88 வயதில்.

ஆக, டோரேமானைத் தமிழில் பார்த்துச் சிரித்த நாம் யாருமே ஃபுஜிமோட்டோ உயிரோடு இருந்த காலத்தில் சிரிக்கவில்லை. ஷின்சான் விஷயத்தில் எனக்கு மட்டும் நேர்ந்த விசேஷத் துயரம் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 1

ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியராம், கோபமாக எழுதியிருக்கிறார்: பிள்ளைகளைக் கெடுத்த கார்ட்டூன், 2008இல் இந்தியாவிலேயே நிறுத்திவைத்த கார்ட்டூன், அதற்கு அஞ்சலி ஒரு கேடா?

நிறுத்தியது உண்மைதான் ஐயா. பிறகு வெட்டித் திருத்தி மறுபடி விட்டார்கள். நாங்கள் பார்த்தது வெட்டியது. வெட்டியதே அப்படி.

கெடுத்தது என்ற குற்றச்சாட்டுக்கு நான் சாட்சி சொல்ல முடியும். ஷின்சான் பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அது எனக்குப் பெரிய வீரமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர்களின் சாந்தி ஒன்று வந்தது. வளவு முழுக்க ஆள். இரண்டாங்கட்டில் அம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நான் பட்டாசாலையில் நின்றுகொண்டு, அவன் இழுக்கும் அதே இழுவையில், அம்மாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டேன். (பெயரை இங்கே எழுதமாட்டேன், முதுகு இன்னும் மறக்கவில்லை.) சமையல்காரர் முதல் சம்பந்தி வரை திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பின்வாசலுக்கு இழுத்துப்போய் விளாசினார். கேபிள் ஒரு மாதம் துண்டிப்பு.

இதைப் போன வாரம் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த வீட்டில் இருந்த அத்தனை வருடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது நீ ஒருவன்தான்" என்றாள். பிறகு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

எனவே கெடுத்ததா இல்லையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. உசுயி ஷின்சானைப் பிள்ளைகளுக்காக வரையவில்லை. அது வந்த பத்திரிகை பெரியவர்களுக்கானது. இப்போது பார்த்தால் விளங்குகிறது. ஷின்சானின் அப்பாவுக்கு வீட்டுக் கடன் இன்னும் 32 வருடம் பாக்கி. கதை ஓட ஓட அந்த 32 குறைவதே இல்லை. தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் அம்மா. ஆறாம் வகுப்பில் எனக்கு அவள் சிடுமூஞ்சி. அவளுக்கு வயது 29தான். எனக்கு 23. இன்னும் ஆறு வருடத்தில் அவளைப் பிடித்துவிடுவேன், பிறகு அவளைவிட மூத்தவனாகிவிடுவேன். வண்டிக் கடன் இப்போதே இருக்கிறது.

மார்ச்சில் டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா இறந்தபோது என் வயதுப் பையன்கள் எல்லோரும் படம் போட்டு அழுதார்கள். நான் அழவில்லை, எனக்கு அது பழக்கமில்லாத வீடு. அன்று அவர்களைக் கொஞ்சம் கேலிகூடச் செய்தேன். திருப்பிக் கேலி செய்ய நினைப்பவர்கள் செய்துகொள்ளலாம்.

செப்டம்பர் 4

தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவு, நிலை, தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் இங்கே வந்து விலையாகும். இன்று ஒரு சாக்கு நிறையச் சுவர்க் கற்கள் வந்தன. பூ வேலை மேடாக எழும்பிய, பளபளக்கும் கற்கள். சுண்ணாம்பைச் சுரண்டிப் பின்பக்கம் பார்த்தேன். ஜப்பான் என்று அச்சு.

அதே பூவும் அதே பச்சையும் பள்ளத்தூர் வீட்டுச் சுவரில் உண்டு. எங்கள் பெட்டிக்கு நேர் மேலே. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜப்பான் சுவருக்குக் கீழே ஜப்பான் பையனை. கசுகாபே அறந்தாங்கிப் பக்கம் என்று நான் நினைத்தது அப்படி ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

கசுகாபே மரப்பெட்டிகளுக்குப் பேர்போன ஊராம், துணி வைக்கும் பெட்டிகள். கடை முதலாளியிடம் சொன்னேன். "ஒன்று கிடைத்தால் என்ன விலை போகும்?" என்றார்.

செப்டம்பர் 8

அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவளுக்கு ஷின்சானைத் தெரியும். "அந்தக் கட்டைப் புருவப் பயலா?" என்பாள். கூடவே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டு பார்த்தவள்தானே. அவனை எழுதினவர் செத்துப்போனார் அப்பத்தா என்றேன். எந்த ஊர், எப்படிச் செத்தார், குடும்பம் உண்டா, உடம்பு கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்டாள். கேதம் கேட்கப் போன வீட்டில் கேட்கிற அதே வரிசை. உடம்பு கிடைத்தது என்றதும் "நல்லது" என்றாள்.

பதினைந்து வருடம் ஆகிவிட்டது, இப்போது போய் வருத்தப்படுவது அசட்டுத்தனமாக இருக்கிறது என்றேன். அவள் தன் பெரியப்பனைப் பற்றிச் சொன்னாள். பினாங்கில் செட்டியார் கடையில் சமையல் வேலைக்குப் போனவர். ஒரு மாசியில் கடிதம் வந்தது. படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் படித்தால், ஆள் போய் ஏழு மாதம். "என்ன செய்தீர்கள்?" என்றேன். "என்ன செய்வது? அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஊருணியில் போய்த் தலைமுழுகினோம். அன்றைக்குத்தானே எங்களுக்குச் செத்தார்" என்றாள்.

அந்த ஏழு மாதமும் அவருடைய பெண்டாட்டி பூவைத்துப் பொட்டிட்டு இருந்தாளாம். தீபாவளிக்குப் புதுச்சேலைகூட எடுத்தாளாம். அதைச் சொல்லும்போது அப்பத்தாவுக்குக் குரல் மாறியது. அதற்குமேல் நான் ஷின்சானைப் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 9

கோபக்கார ஆசிரியர் மறுபடி எழுதியிருக்கிறார், இந்த முறை பஞ்சாங்கத்தோடு. 2009இல் மகாளய அமாவாசை செப்டம்பர் 18. உசுயி விழுந்தது மகாளய பட்சத்துக்குள், கிடைத்தது அமாவாசைக்கு மறுநாள். "எள்ளும் தண்ணீரும் இறைப்பதாக இருந்தால் தகவலுக்காக" என்று ஒரு வரி. கேலியா, கரிசனமா தெரியவில்லை. நன்றி ஐயா.

செப்டம்பர் 11, இரவு

கடையில் சீக்கிரம் கிளம்பி, செக்காலை போய் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு குன்றக்குடிக்குப் பஸ் ஏறினேன். ஏன் குன்றக்குடி என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் மலை என்று சொல்ல அது ஒன்றுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அராஃபுனேயில் வைத்தால் ஒரு படிக்கட்டுக்குக் காணாது.

படியேறும்போது பையனிடம் சொன்னேன். வரைந்தவர் ஒருவர் இருந்தார், மலையில் தவறி விழுந்துவிட்டார், இன்றைய தேதியில்தான். நான் பயந்த மாதிரி அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் படிகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

"அப்படியானால் இப்போது வருகிற ஷின்சானை யார் வரைகிறார்கள்?"

"அவரிடம் வேலை பார்த்தவர்கள். 2010இலிருந்து அவர்கள்தான் புதிதாக எழுதி வரைகிறார்கள்."

"அவர்களுக்கு ஷிரோவை வரையத் தெரியுமா?"

"தெரியும்."

"குடைமிளகாய் பிடிக்காது என்று தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"சரி" என்றான். அவனுக்கு விஷயம் அங்கே முடிந்துவிட்டது. ஷிரோவுக்குச் சோறு உறுதி.

சண்முகநாதனைக் கும்பிட்டோம். அர்ச்சனைத் தட்டு வாங்கும்போது யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். ஒரு நொடி நாக்கு வரை வந்தது. நட்சத்திரம் கேட்பார் என்று தோன்றியதும், பையன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்தால் நல்ல காற்று. கீழே வயல், கண்மாய், பஸ் நிற்கிற இடம் எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. பையன் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போனான். நான் திருநீற்றை மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் சுவர்மேல் வயிற்றை அழுத்தி, இரண்டு கையையும் வெளியே நீட்டி, கீழே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

திருநீறு எங்கே போனது என்று தெரியாது. சட்டையோடு சேர்த்து இழுத்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்துவிட்டன. அக்காள் இப்போது போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், புதுச் சட்டையை என்ன செய்தாய் என்று.